பௌர்ணமி டியூட்டி ஏன் நின்றது

எங்கள் மாவட்டப் பெண் பிள்ளைகள் சங்கத்தின் செயலாளர் பொய் எழுதியிருக்கிறார். ஆண்டு விழா மலரில் சங்கத்தின் வரலாறு என்று நாலு பக்கம். அதில், மாணவிகளுக்கு ஆர்வம் குறைந்ததால் கிரிவலப் பாதைச் சேவை நின்றுபோனதாம். அந்த மாணவிகளில் நானும் ஒருத்தி.

பௌர்ணமி என்றால் மதியமே வேங்கிக்காலில் சங்கக் கட்டடத்தில் கூடுவோம். அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் கிரிவலப் பாதையில் இருக்கிற அடி அண்ணாமலை. நடக்க வருகிற குடும்பங்களை நிறுத்தி, குழந்தையின் கையில் பெற்றோரின் செல் நம்பரைப் பேனாவால் எழுதுவோம். கூட்டத்தில் தொலைந்தால் கண்டுபிடிக்க அதுதான் வழி. குழந்தைகள் கூசிக்கொண்டு கையை இழுக்கும். எனக்கு ரொம்பப் பிடித்த வேலை அது.

இன்றைய செயலாளர் அப்போது எங்கள் பொறுப்பாளர். ஆட்டோவில் ஏறும் முன், "யாருக்காவது அது இருக்கா?" என்று கேட்பார். கை தூக்கினவள் மலைப் பக்கம் வரக்கூடாது. கட்டடத்திலேயே உட்கார்ந்து பேனர் மடிக்க வேண்டும். கட்டடம் வரை வந்தும் அவளுக்கு ஆப்சென்ட் வேறு. மூன்று ஆப்சென்ட் விழுந்தால் சங்கம் தரும் சேவைச் சான்றிதழ் கிடையாது. பௌர்ணமியும் மாதம் ஒருமுறை, அதுவும் மாதம் ஒருமுறை. ஒரு பௌர்ணமிக்கு மாட்டினவள் அடுத்ததற்கும் மாட்டுவாள். இது ஒரு பெண்ணான அவருக்குத் தெரியாதா?

என் தோழி அப்படித்தான் இரண்டு முறை மாட்டினாள். அந்தச் சான்றிதழைக் காட்டி நர்சிங் சேரலாம் என்றுதான் அவள் அப்பா அவளை அனுப்பிக்கொண்டிருந்தார். மூன்றாவது பௌர்ணமியும் வந்தது.

"கை தூக்காதடி," என்றேன்.

"மலைடி அது. பொய் சொல்லச் சொல்றியா?" என்று தூக்கிவிட்டாள்.

நானும் தூக்கினேன். பக்கத்தில் இருந்தவள் தூக்கினாள். கடைசியில் எல்லாக் கையும் மேலே.

"எல்லாருக்குமா? ஒரே நாள்லயா? யார்கிட்டடி வெளாடறீங்க?" என்று பொறுப்பாளர் கத்தினார்.

"இல்லன்னு எப்படி மேடம் பார்ப்பீங்க?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள். ஆட்டோக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாங்கள் சிரித்துவிட்டோம்.

அத்தனை பேருக்கும் ஆப்சென்ட். அன்று பாதையில் யாரும் நிற்கவில்லை. அடுத்த மாதத்திலிருந்து எங்களைக் கூப்பிடவே இல்லை. தோழிக்குச் சான்றிதழ் வரவில்லை. அவள் அப்பா படிப்பை நிறுத்திவிட்டார். இன்று ஒரு லாட்ஜில் துணி துவைக்கிறாள்.

மலரைப் படித்ததும் செயலாளருக்கு போன் செய்தேன்.

"பழசையெல்லாம் ஏம்மா கிளறுற? பொண்ணுங்க சமாச்சாரத்த மலர்ல போட முடியுமா? ஒரு நாள் வீட்டுக்கு வா, பேசிக்கலாம்" என்றார்.

வீட்டுக்கு வரமாட்டேன். வருகிற ஆண்டு விழாவுக்கு நானும் என் தோழியும் வருகிறோம், முன்வரிசையில் உட்காருகிறோம். மேடையில் மைக்கைப் பிடித்து, இப்போது சங்கத்தில் இருக்கிற பிள்ளைகள் எல்லோரும் கேட்கும்படி சொல்லுங்கள் மேடம்: சேவையை நிறுத்தியது நாங்களா, நீங்களா?