காலில் இறங்கிய வாயு

"டாக்டர் போடுறதில்லீங்க, நோய்க்கு நம்பர் போடுறது நான்தான்" என்றார் சேக் அலாவுதீன். அதை யாரும் அவரிடம் கேட்கவில்லை. எதிரே நின்ற, அரிசி மில்லில் மூட்டை தூக்கும் செல்லையன், மில் மேனேஜர் திருப்பியனுப்பிய ஆஸ்பத்திரிச் சீட்டைத்தான் நீட்டினார்.

காரைக்காலில் அது சின்ன தர்ம ஆஸ்பத்திரி. பிரெஞ்சுக்காரர்கள் போய் இரண்டு வருஷம். அவர்கள் காலத்து நோய்ப் பட்டியல் மட்டும் போகவில்லை. வந்தவர் சொல்வதைக் கேட்டு, அதில் நம்பர் பார்த்து, நோயின் பெயரோடு சீட்டில் எழுதுவது அலாவுதீன். கூட்டமான நாளில் கம்பவுண்டர் நம்பரைப் பார்த்தே மருந்து கொடுத்துவிடுவார்.

"மேனேஜர் என்ன சொன்னாரு?"

"வயித்துல காத்துன்னுதானே எழுதியிருக்கு, நாலு மூட்டை தூக்குனா தானா போயிடும்னு சிரிக்கிறாரு பாய். இத்தனை மாசமா பல்லக் கடிச்சுத் தூக்கிட்டேன், இனி முடியல. சாக்கு தைக்கிற வேலை கேட்டா தரமாட்டாராம். நாளைக்கு மூட்டை தூக்கலன்னா வரவே வேணாம்னுட்டாரு."

அலாவுதீன் பதிவேட்டைப் புரட்டினார். எட்டு மாதத்துக்கு முன்னால் எழுதியது, தன் கையெழுத்துதான். செல்லையன் 'வாயு' என்றிருக்கிறார். ஊர்ப்பேச்சில் எந்த வலிக்கும் வாயுதான் பெயர்; அவர் சொன்னது காலில் இறங்கிய வாயு. இவர் போட்டது வயிற்று வாயுவின் நம்பர்.

"அப்ப குடுத்த வாயுப் பொடி கேட்டுச்சா?"

"பசி நல்லா எடுக்குது பாய். வீட்டுல அரிசிதான் பத்தல."

அலாவுதீனுக்குச் சிரிப்பு வந்து, பாதியிலேயே நின்றது. "நேத்துப் பொறந்த என் பேரனுக்குத்தான் வலிக்கிற எடம் சொல்லத் தெரியாது. நீ வாயுன்னு சொல்லாம விரலால காட்டு."

செல்லையனின் விரல் இடுப்பில் தொடங்கி, பின்தொடை வழியாகக் கெண்டைக்காலில் இறங்கி, சுண்டுவிரலில் நின்றது.

"குடையுதா, எரியுதா?"

"கம்பி போட்டு இழுக்குது. இருமுனா கீழ வரைக்கும் பாயுது."

மூட்டுவலி நம்பர் அலாவுதீனுக்கு மனப்பாடம். பாதிப்பேருக்கு அதைத்தான் போடுவார். பேனா அங்கே போய்த் தயங்கியது. மூட்டில் வீக்கமே இல்லையே. பதிவேட்டை எடுத்துக்கொண்டு, செல்லையனையும் கூட்டிக்கொண்டு டாக்டர் அறைக்குள் போனார்.

"ஐயா, இவருக்குத் தப்பா எழுதுனது நான். நரம்பு வலியா இருக்குமோன்னு தோணுது. நீங்களே பாத்துடுங்க."

டாக்டர் செல்லையனைப் படுக்கவைத்துக் காலை நீட்டியபடி மேலே தூக்கினார். ஒரு முழம்கூட ஏறவில்லை, "ஐயோ!" என்று அலறினார் செல்லையன். டாக்டர் சீட்டிலிருந்த பழைய நம்பரைச் சிவப்பு மையால் அடித்து, நரம்பு வலி நம்பரையும் 'மூட்டை தூக்கக் கூடாது' என்பதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் செல்லையன் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மேனேஜர் மறுபடியும் சிரிச்சாருன்னா என்ன பண்றது பாய்?"

அலாவுதீன் தொப்பியைச் சரிசெய்து செருப்பை மாட்டினார். "எழுதுனவன் நானு, சிரிப்ப நான் வாங்கிக்கிறேன். மில்லு வரைக்கும் கூட வரேன், மெதுவா நட."