பார் ஓட்டலில் ஒரு சாப்பாடு, கொளஞ்சியப்பரிடம் ஒரு வாபஸ்

போன ஆவணி மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை விருத்தாசலம் போய், ஒரு ராத்திரி தம்பி வீட்டில் தங்கி, சனிக்கிழமை மத்தியானம் திரும்பினேன். மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நான் கட்டிய பிராதை வாபஸ் வாங்கத்தான் பயணம். நடுவில் ஒரு பார் ஓட்டலில் சாப்பிடும்படி ஆகிவிட்டது. கோயில் கோயிலாக எழுதுகிற இந்தப் பக்கத்தில் இது என்ன என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். முழுக்கப் படியுங்கள்.

வெளியூர்க்காரர்களுக்குப் பிராது என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். அந்தக் கோயிலில் முருகனிடம் மனு கொடுக்கலாம். நம் பெயர், ஊர், ஊரிலிருந்து கோயில் எத்தனை கிலோமீட்டர், யார் மேல் என்ன குறை, எல்லாவற்றையும் போலீஸ் ஸ்டேஷனில் எழுதுகிற மாதிரி தாளில் எழுத வேண்டும். அதைச் சாமி பாதத்தில் வைத்துத் தருவார்கள். வாங்கிக்கொண்டு போய் முனியப்பர் சன்னதி வேலில் கட்ட வேண்டும். குறை தீர்ந்ததும் மறுபடி போய், தீர்ந்துவிட்டது, வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அப்போதுதான் அது முடிந்ததாகக் கணக்கு.

நான் எழுதியது என் கூடப் பிறந்த தம்பி கலியமூர்த்தி மேல். விருத்தாசலத்தில் சின்னதாக ஒரு செராமிக் பட்டறை வைத்திருக்கிறான். வீட்டு மெயின் போர்டில் வெள்ளையாக ஃபியூஸ் கேரியர் இருக்குமே, அதுதான் செய்கிறான். அப்போது ராப்பகலாகக் குடிப்பான். ஒரு தடவை சூளை எரிகிற நேரத்தில் குடித்துவிட்டுப் படுத்து, ஒரு லோடு முழுக்க வெடித்துப்போனது. தட்டிக் கேட்ட அவன் பெண்டாட்டி தனத்தை அடித்துவிட்டான். அவள் பன்னிரண்டு வயதுப் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு ஸ்ரீமுஷ்ணத்தில் என் வாசலில் வந்து நின்றாள். மறுநாளே போய்ப் பிராது கட்டினேன். மூன்று மாதத்தில் நிறுத்திவிட்டான்.

நான்தான் வாபஸ் வாங்கப் போகவில்லை. வாங்கினால் திரும்ப ஆரம்பித்துவிடுவானோ என்று பயம். பிராது கிடக்கிறவரைக்கும் சாமியின் கண் அவன் மேல் இருக்கும் என்று நினைத்தேன். அப்படியே ஒன்பது வருஷம் ஓடிவிட்டது.

இப்போது அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம். பத்திரிக்கை அடித்துவிட்டுத் தம்பி போன் பண்ணினான்.

"மொத பத்திரிக்கை கொளஞ்சியப்பருக்குத்தான் வைக்கணும் க்கா. என் மேல கேசு நிலுவையில கெடக்குது. நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு உள்ள போவேன்?"

"வாங்கிடறேன். ஆனா மாசத்துல ரெண்டு தடவ பார் ஓட்டல்ல ஒக்காந்து சாப்புடறியாமே. தனம் சொல்லுச்சி."

"யாவாரத்துக்கு ஒக்காரணும். நான் குடிக்கறதில்ல."

"நான் பாக்கணும்."

"வெள்ளிக்கிழம கோயம்புத்தூரு பார்ட்டி ஒருத்தரு வராரு. வந்து பாத்துக்க," என்றான்.

ஸ்ரீமுஷ்ணத்தில் மூன்று நாற்பதுக்கு பிரைவேட் பஸ் ஏறினேன். இருபத்தெட்டு ரூபாய். டவுன் பஸ் என்றால் பொம்பளைகளுக்கு டிக்கெட் இல்லை, ஆனால் கண்ட இடத்தில் நின்று நின்று போகும். நாலரைக்கு விருத்தாசலம். பழமலைநாதரைக் கும்பிட்டு, பிரகாரம் சுற்றி, நேரே தம்பி சொன்ன ஓட்டலுக்குப் போனேன். ஏழு மணி. வாசலில் தம்பி காத்திருந்தான். ஓட்டல் பெயர் வேண்டாம்.

கண்ணாடிக் கதவைத் திறந்ததும் குளிர். தட்டில் இருப்பது சோறா வேறொன்றா என்று தெரியாத அளவுக்கு மங்கலான வெளிச்சம். சப்ளை பண்ணுகிறவர் ஓடி வந்தார்.

"ஃபேமிலிக்கு மாடியில இருக்குதுங்கம்மா."

"இவன் எங்க ஒக்காருவானோ அங்கதான் எனக்கும்."

அவர் தம்பியைப் பார்த்தார். தம்பி தலையாட்டினான். அவர் சுத்தமாக இருந்த மேஜையையே இரண்டு தடவை துடைத்தார். அந்த ஹாலில் பொம்பளை நான் ஒருத்திதான். நெற்றியில் விபூதி வேறு. பக்கத்து மேஜைக்காரர் எழுந்து தூணுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்.

கோயம்புத்தூர்க்காரர் பெயர் நாச்சிமுத்து. எலக்ட்ரிக் சாமான் கடை. வயது ஐம்பது இருக்கும். என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"அக்காங்களா? அப்ப நாம இன்னொரு நாளைக்குப் பார்த்துக்கலாமுங்க."

"ஒக்காருங்க தம்பி. நான் ஒண்ணும் கடிக்கமாட்டேன். நீங்க பாட்டுக்குச் சாப்புடுங்க."

வெள்ளிக்கிழமை என்று எனக்காக அவர்களும் சைவமே சொன்னார்கள். தக்காளி சூப் நூற்றி முப்பது ரூபாய். நன்றாக இருந்தது, பொய் சொல்லக்கூடாது. நான் ரொட்டி ஒன்று அறுபது ரூபாய், இழுத்தால் இழுத்த பக்கம் வந்தது. பன்னீர் மசாலா இருநூற்றி எண்பது. எண்ணிப் பார்த்தேன், ஏழு துண்டு. நாச்சிமுத்து தன் கிளாஸைத் தண்ணீர் ஜக்குக்குப் பின்னால் மறைத்து வைத்துக் குடித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது.

"அது இன்னா வெல தம்பி?" என்று கேட்டேன்.

"ஒரு பெக்கு முந்நூத்தி இருவதுங்க. வெளிய கடையில வாங்குனா பாதிகூட ஆகாதுங்க."

"அப்புறம் ஏன் இங்க வந்து குடுக்கறீங்க?"

அவர் யோசித்துத்தான் சொன்னார். "வெளிய வாங்குனா ரூம்ல தனியா ஒக்கோந்து குடிக்கோணுங்க. மாசத்துல இருவது நாளு எனக்கு ரயிலும் லாட்ஜுமுங்க. இங்கன்னா எதுத்தாப்புல ஒரு மனுசன் இருக்கறாருல்லங்க. உங்க தம்பிகிட்ட நான் பேசாத பேச்சு கெடையாதுங்க. பொண்டாட்டிகிட்டகூட அத்தன சொன்னதில்லீங்க."

அந்த நேரம் பார்த்து சப்ளை பண்ணுகிறவர், யாரும் கேட்காமலே, தம்பி முன்னால் ஒரு கிளாஸைக் கொண்டுவந்து வைத்தார். நாச்சிமுத்து கிளாஸில் இருந்த அதே நிறம். ஐஸ் கட்டி மிதந்தது. தம்பி என்னைப் பார்க்காமல் அதைக் கையில் எடுத்தான்.

கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவன் கையிலிருந்து பிடுங்கி மோந்து பார்த்தேன். வாசனை பிடிபடவில்லை. முருகா என்று ஒரு வாய் குடித்தேன்.

டீ. பாலில்லாமல் போட்டு ஆறவைத்த டீ.

"டீடா இது," என்றேன். சந்தோஷத்தில் ஹாலுக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டேன்.

தம்பி முகத்தைப் பார்த்த பிறகுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்று புரிந்தது. நாச்சிமுத்து கையை நீட்டி அந்தக் கிளாஸை வாங்கினார். மோந்தார். மெல்ல மேஜையில் வைத்தார்.

"எத்தன வருசமுங்க?"

"நாம பழகுனதுலேந்து," என்றான் தம்பி. "ஏழு வருசம்."

"ஏழு வருசமா நான் ஒளறுனத எல்லாம் நீங்க தெளிவா கேட்டுட்டு இருந்தீங்களா?"

"கேட்டேன். ஒரு வார்த்த வெளிய சொன்னதில்லீங்க."

"நீங்களும் மறந்துருப்பீங்கன்னு நெனச்சுத்தானுங்க நான் சொன்னேன்."

அவர் சத்தம் போடவில்லை. தட்டில் மீதி இருந்ததைச் சாப்பிட்டார். தன் கிளாஸை அப்புறம் தொடவில்லை. கை கழுவிவிட்டு வந்து என்னிடம் மட்டும், "வர்றனுங்க அக்கா," என்றார். காலையில் பட்டறைக்கு வந்து ஆர்டர் எழுதுவதாக இருந்தவர், விடியற்காலை ரயிலுக்கே கிளம்புவதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பில் இரண்டாயிரத்து நூறு. தம்பி கொடுத்தான்.

தம்பி வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகும்போது கேட்டேன். "டீயின்னு எங்கிட்ட முன்னாலயே சொல்லியிருக்கலாமேடா."

"சொன்னா நம்பியிருப்பியா?"

காற்றில் பறந்த முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

"குடிக்கமாட்டேன்னு சொன்னா எதுக்க இருக்கறவரு கிளாஸ கீழ வச்சிடுவாரு. பேச்சும் நின்னுடும். அதான் டீ," என்றான். கொஞ்ச தூரம் போய், "ஆர்டரு போனா போவுது வுடு. நீ பாத்துட்டல்ல," என்றான். திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலாம் போலிருந்தது.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு நான், தம்பி, தனம் மூன்று பேரும் ஆட்டோவில் கிளம்பினோம். அவன் வீட்டிலிருந்து கோயில் நாலு கிலோமீட்டர். நூற்றி இருபது ரூபாய் கேட்டார், நூறுக்கு ஒத்துக்கொண்டார்.

"பிராதாங்க, வாபஸாங்க?" என்றார் ஆட்டோக்காரர்.

"வாபஸு."

"பரவால்ல. காரியம் முடிஞ்சதும் பாதிப் பேரு மறந்துடறாங்க."

"நான் மறக்கலப்பா," என்றேன். தம்பி ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

கோயில் வாசலில் இறங்கியதும், செருப்பை எங்கே விடுவது என்று தம்பி பூக்காரம்மாவிடம் கேட்டான். "உள்ளூர்க்காரன் ஒனக்குத் தெரியாதாடா?" என்றேன். அவன் காதில் விழாதது மாதிரி போய்விட்டான். தனம்தான் மெதுவாகச் சொன்னாள்.

"அவரு எங்க அண்ணி உள்ள வந்தாரு? ஒவ்வொரு கிருத்திகைக்கும் என்னையும் பாப்பாவையும் கொண்டாந்து வுட்டுட்டு ரோட்டுலயே வண்டிய போட்டுக்கிட்டு நிப்பாரு. 'அக்கா வாபஸு வாங்கட்டும், அப்புறம் வரேன்'ம்பாரு."

பூத்தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். அவன் குடிக்கவில்லை என்பதைச் சாமி பார்த்தது, பெண்டாட்டி பார்த்தாள், ஓட்டலில் டீ போட்டுக் கொடுத்தவர்கூடப் பார்த்தார். நான்தான் பார்க்கவில்லை.

வாபஸ் எழுதிக்கொள்கிற இடத்தில் வயதான ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"பிராது எப்ப கட்டுனதும்மா?"

"ஒம்பது வருசமாச்சிங்க."

"எப்ப தீந்துச்சி?"

"மூணு மாசத்துலங்க."

எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "அப்ப இத்தினி வருசம் ஏம்மா வரல?"

பக்கத்தில் நின்ற தம்பிதான் பதில் சொன்னான்.

"அக்காவுக்கு முட்டி வலிங்க. நடக்க முடியாது."

மாசாமாசம் திருவண்ணாமலை கிரிவலம் போகிறவள் நான். போன பதிவில்கூடப் பதினாலு கிலோமீட்டர் நடந்ததைப் பெருமையாக எழுதியிருந்தேன். அந்தப் பெரியவர் என் காலைப் பார்த்து, "பாத்துப் படி ஏறும்மா," என்றார். தலையை ஆட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

தம்பி மஞ்சள் தடவிய பத்திரிக்கையை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். பின்னால் வரிசை நகரச் சொல்லிச் சத்தம் போடுகிறவரைக்கும் சாமி முன்னாலேயே நின்றான்.

அந்த விலைக்கு அந்தச் சாப்பாடு தகுமா, சாப்பாட்டோடு குடிப்பது தகுமா என்று முன்பெல்லாம் கேட்டிருந்தால் ஒரே வார்த்தையில் முடித்திருப்பேன். சாப்பாடு தகாது, அது இப்போதும் அப்படித்தான். பஸ் ஸ்டாண்ட் பக்கம் அறுபது ரூபாய் டிபன் இதைவிட வயிற்றுக்கு நல்லது. குடி நல்லது என்றும் என் வாயால் வராது. தனம் அன்றைக்கு என் வாசலில் நின்றது என் கண்ணை விட்டுப் போகாது. ஆனால் நாச்சிமுத்து அந்தக் காசைக் கொடுத்தது எதிரில் ஒரு முகம் வேண்டும் என்றுதான். அதை நான் ஒரு வாய் டீயில் கெடுத்துவிட்டேன். ஏழு வருஷமாக ஊருக்கு வந்துபோகிற மனிதரை, வீட்டுக்கு வாங்க, தனம் கையால் ரசம் சாப்பிடுங்க என்று எங்களில் ஒருத்தர்கூடக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டிருந்தால் ஒருவேளை அங்கேயும் பேசியிருப்பார். அவருக்கும் ஒரு பத்திரிக்கை தபாலில் அனுப்பியிருக்கிறோம். இதை எழுதுகிறவரைக்கும் ஆர்டரும் வரவில்லை, போனும் வரவில்லை.

போகிறவர்களுக்கு: சென்னையிலிருந்து ரயில்தான் வசதி, விருத்தாசலம் ஜங்ஷனில் இறங்கி ஆட்டோ. கிருத்திகை அன்று கூட்டம் நெரியும், சாதாரண நாளில் காலை எட்டு மணிக்குள் போனால் நிம்மதியாகப் பார்க்கலாம். பிராதுக்கான கட்டணம் ஊர் தூரத்தைப் பொறுத்தது, பெரிய தொகை கிடையாது. உங்கள் ஊரிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். காரியம் முடிந்தால் அந்த வாரமே போய் வாபஸ் வாங்கிவிடுங்கள், என்னை மாதிரி இருக்காதீர்கள். சாமி காத்திருக்கும், அதற்கு அவசரமில்லை. யார் மேல் எழுதினீர்களோ அவர் வெளியே ரோட்டில் வண்டியைப் போட்டுக்கொண்டு நிற்பார்.