அத்தை பார்த்த மயில்

எங்கள் அத்தைக்குக் கல்யாணம் தட்டிப்போனதற்கு அவளுடைய மூக்குக்கண்ணாடிதான் காரணம் என்று வீட்டில் முடிவு கட்டியிருந்தார்கள். அத்தை என்றால் அப்பாவின் தங்கை. இருபத்து நான்கு வயது. உறையூரில் எங்களோடுதான் இருந்தாள். ஏற்கெனவே இரண்டு இடத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பஜ்ஜி சாப்பிட்டார்கள், பாட்டுக் கேட்டார்கள். ஊருக்குப் போய், பெண் லட்சணம்தான், ஆனால் கண்ணாடி போட்டிருக்கிறாளே என்று எழுதிவிட்டார்கள். பஜ்ஜியைப் பற்றி ஒருவரும் குறை எழுதவில்லை.

மூன்றாவது தடவை அம்மா சுதாரித்துக்கொண்டாள். அம்மாவோடு பள்ளிக்கூடத்தில் படித்த சிநேகிதி ஒருத்தி மெட்ராஸில் இருந்தாள். இருவரும் பார்த்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவளுக்குக் கல்யாணத்துக்கு நிற்கிற தம்பி ஒருவன் உண்டு. பெண்ணை நேரில் பார்த்துவிட்டு வா என்று அவளைப் பெற்றவள் அனுப்பி வைத்தாள். ஆனால் மறுபடியும் அத்தையைத் தட்டோடு கூடத்தில் நிறுத்த வேண்டாம் என்று, பழைய சிநேகிதி ஊர் சுற்றிப் பார்க்க வருகிறாள் என்று பெயர் பண்ணினார்கள். கண்ணாடிச் சித்திரம் என்றால் அவளுக்கு உயிராம். உள்விவகாரம் அத்தைக்கும் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியாது. ஒன்பது வயதுக்காரி நான், சொன்னதை அப்படியே நம்பினேன்.

அந்தச் சிநேகிதியை நான் சித்தி என்று கூப்பிட வேண்டுமாம். மெட்ராஸ் சித்தி வந்து இறங்கிய காலையில் அத்தையின் முகத்திலிருந்து மூக்குக்கண்ணாடி காணாமல் போயிற்று. அது டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் இருப்பதைப் பார்த்துவிட்டு ஏன் என்று கேட்டேன்.

"அவங்க ஊருக்குப் போற வரைக்கும் அதைப் பத்தி நீ வாயே திறக்கக் கூடாது," என்றாள் அம்மா.

முதல் நாள் ஸ்ரீரங்கம். நயா பைசா புதிதாக வந்திருந்த சமயம். பஸ்ஸில் கண்டக்டர் காவிரிப் பாலம் தாண்டும்வரை சில்லறைச் சண்டையிலேயே இருந்தார். சித்திரை வீதிப் பக்கம் ஒரு பஜனை மடத்தில் கண்ணாடிப் படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. கண்ணாடியின் பின்பக்கமாக வர்ணம் தீட்டி, நகைகளுக்கு ஜிகினாத் தாள் ஒட்டிய படங்கள். வெண்ணெய்க் குடத்தோடு கிருஷ்ணன், பட்டாபிஷேக ராமர். அத்தை கிருஷ்ணனுக்கு முன்னால் போய், மூக்கு இடிக்கிற தூரத்தில் நின்றாள். ஆச்சரியம், சித்தியும் அப்படியே நின்றாள்.

"அம்மாமார் கொஞ்சம் எட்ட நின்னு சேவிக்கணும்," என்றார் மடத்துப் பெரியவர். இருவரும் ஓரடி பின்வாங்கி, அவர் திரும்பியதும் மறுபடி ஒட்டிக்கொண்டார்கள். கண்ணாடிப் படத்தை இப்படித்தான் பார்க்க வேண்டும் போலிருக்கிறது என்று நானும் மூக்கை வைத்துப் பார்த்தேன். கிருஷ்ணனின் தொடை மட்டும் தெரிந்தது. இதை ரசிக்கவா மெட்ராஸிலிருந்து ரயிலேறி வந்தாள் என்று குழம்பிப்போனேன்.

வெளியே வரும்போது படியில் அத்தை தடுக்கினாள். சித்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு இருவரும் கையை விடவேயில்லை. அம்மாவுக்கு உள்ளூரச் சந்தோஷம். எனக்கு அத்தை விழுந்துவிடுவாளோ என்று பயம். மறுநாள் கிளம்பும்போது டிரங்குப் பெட்டிக்குப் பின்னாலிருந்து அந்த மூக்குக்கண்ணாடியை எடுத்துப் பாவாடை இடுப்பில் சொருகிக்கொண்டேன். வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் அம்மா சொன்னாள், எடுத்து வரக்கூடாது என்று சொல்லவில்லை.

இரண்டாம் நாள் தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு மாதா கோயில். சாயங்கால வெயில் வர்ண ஜன்னல்கள் வழியாக விழுந்து, தரையெல்லாம் சிவப்பும் பச்சையுமாகக் கிடந்தது. ஜன்னல்கள் உயரத்தில் இருந்தன. மூக்கை வைக்க வழியில்லை. இருவரும் அண்ணாந்து நின்றார்கள்.

"மயிலு எவ்வளவு அழகா தோகை விரிச்சிருக்கு," என்றாள் சித்தி.

"ஆமாங்கக்கா. அந்தக் கழுத்து நீலம்தான் ரொம்ப நல்லாயிருக்கு," என்றாள் அத்தை.

நான் பார்த்தேன். அங்கே மயில் இல்லை. நீல அங்கி போட்டு, பெரிய இறக்கைகளோடு ஒரு தேவதூதர் நின்றார். தலையைச் சாய்த்துப் பார்த்தேன், அப்போதும் தேவதூதர்தான். அம்மாவிடம் கேட்கலாம் என்று திரும்பினேன். அம்மா ஜன்னலை நன்றாகப் பார்த்துவிட்டு, "ஆமா, நல்ல மயிலு," என்றாள்.

மூன்று பேருக்குத் தெரிகிற மயில் எனக்கு மட்டும் தெரியவில்லை. கண் கெட்டது எனக்குத்தான் என்று தோன்றிவிட்டது. இடுப்பிலிருந்து அத்தையின் மூக்குக்கண்ணாடியை எடுத்து நானே மாட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்தேன். எல்லாம் கலங்கியது.

"இப்பவும் மயில் தெரியலைம்மா," என்றேன், அழுகை முட்ட.

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "யாரோடதுடி இது?" என்று சித்தி கேட்டாள். அதைப் பற்றிப் பேசக்கூடாது என்பது ஞாபகம் வர, நான் உதட்டை இறுக்கிக்கொண்டேன்.

"என்னுதுதாங்கக்கா," என்றாள் அத்தை. என் முகத்திலிருந்து அதைக் கழற்றித் தான் மாட்டிக்கொண்டு மேலே பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். "மயில் இல்லைங்கக்கா. றெக்கை வச்ச ஆளு."

சித்தி கைப்பையைத் திறந்தாள். உள்ளேயிருந்து கைக்குட்டையில் சுற்றிய ஒன்றை எடுத்தாள். அதுவும் மூக்குக்கண்ணாடி, அத்தையுடையதைவிடத் தடிமன். போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"ஐயோ, ஆமா," என்று சிரிக்க ஆரம்பித்தாள். "என் தம்பிக்கும் உண்டும்மா. உங்களுக்கு அனுப்பின போட்டோவுக்காகக் கழட்டினான். நானும் போட்டுட்டு வந்தா குடும்பத்துக்கே கண்ணு சரியில்லைம்பாங்கன்னு எங்கம்மா கழட்டி வச்சுட்டா." அத்தையும் சிரித்தாள். அத்தை அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கோயிலைப் பார்த்துக்கொள்கிறவர் வந்து அதட்டியும் அடங்கவில்லை. பிறகு கைகோத்துக்கொண்டு ஒவ்வொரு ஜன்னலாகப் போய் நின்றார்கள். ஆட்டுக்குட்டியின் கண்ணைக்கூட ஒருத்திக்கு ஒருத்தி காட்டிக்கொண்டார்கள். அம்மா என்னைப் பெஞ்சில் உட்கார வைத்துத் தொடையைக் கிள்ளினாள். எல்லோரும் சந்தோஷமாக இருக்கும்போது என்னை மட்டும் ஏன் கிள்ள வேண்டும் என்று விளங்கவில்லை.

ரயில் கிளம்பும்வரை சித்தி ஜன்னல் வழியாக அத்தையின் கையைப் பிடித்திருந்தாள். "மெட்ராஸ்லயும் இந்த மாதிரி கோயில் இருக்கு. நீ வா, ரெண்டு பேருமா போய்ப் பார்ப்போம்," என்றாள்.

பத்து நாளில் கடிதம் வந்தது. அம்மா சத்தமாகப் படித்தாள். சித்திக்குப் பெண்ணைப் பிடித்துத்தான் இருக்கிறது. ஆனால் அவள் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. பையனுக்கும் கண்ணாடி, பெண்ணுக்கும் கண்ணாடி என்றால் பிறக்கிற பிள்ளைகள் கதி என்ன என்கிறாளாம். மன்னிக்க வேண்டும்.

அத்தை கடிதத்தை வாங்கித் தானும் ஒரு தடவை படித்தாள். பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"எனக்குன்னு தனியா ஒரு வரி எழுதலையா, அண்ணி?"

"உனக்கு என்ன எழுதுவா? வேண்டாம்னுட்டாங்க, அவ்வளவுதான்."

அத்தை கிணற்றடிக்குப் போய் அழுதாள். முன்னே இரண்டு இடம் தட்டிப்போனபோது அவள் அழுததில்லை. எல்லாம் இந்தக் குட்டியால் வந்தது என்று அம்மா என்னைக் கரித்துக்கொட்டினாள். நான் மெதுவாக நழுவிக் கிணற்றடிக்குப் போய் நின்றேன். அந்த மாப்பிள்ளையின் போட்டோவைக்கூட அத்தைக்குக் காட்டியிருக்கவில்லை, அது அப்பாவிடமே இருந்தது. முகமே தெரியாத ஒருவருக்காக இவள் ஏன் இப்படி அழுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. இருந்தாலும் பெரியவர்கள் சொல்வதுபோல ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டுமே.

"வேற மாப்பிள்ளை வருவாரு, அத்தே," என்றேன்.

அத்தை இன்னும் அதிகமாக அழுதாள். நல்லதைத்தானே சொன்னோம் என்று நான் விழித்துக்கொண்டு நின்றேன்.