பக்கம் மாறிய நாய்கள்

பைக்கடை அக்கா என்றுதான் தெருவில் அவளுக்குப் பெயர். பள்ளிப் பை, வண்டி உறை, கூடாரம் என்று கெட்டித் துணியில் எது வந்தாலும் தைப்பாள். தைத்து முடித்த துணியில் சாக்பீஸ் கோடு ஒரு பொட்டுகூட இருக்கக் கூடாது. ஈர விரலால் தேய்த்து, உதறி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகே கொடுப்பாள்.

தம்பி அவள் தூக்கி வளர்த்தவன். பள்ளிக்கூடங்களுக்குப் போய் நட்சத்திரம் காட்டப் போகிறேன் என்று அவன் வந்து நின்றபோது, பாதிக் கடையை ஒழித்துக் கொடுத்தாள். கறுப்புத் துணியில் விரித்த குடை மாதிரி ஒரு கூடாரம். நட்சத்திரப் படத்தைப் பார்த்து அவன் சாக்பீஸால் புள்ளி வைப்பான். அவள் ஓட்டை போடுவாள். வெளியே சுற்றிலும் விளக்கு வைத்தால், உள்ளே இருப்பவர்களுக்கு வானம்.

"எங்க தம்பி ஆகாசத்தையே சுருட்டி வேன்ல வச்சிருக்கான்" என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னாள்.

கடைசித் துண்டில் நட்சத்திரக் கூட்டங்களான வேட்டைக்காரனும் அவனுடைய இரண்டு நாய்களும். பெரிய நாயிடம் இருக்கும் சீரியஸ்தான் இரவு வானத்திலேயே பிரகாசமான நட்சத்திரம் என்றான் தம்பி. அதற்கு மட்டும் பைக்கு அடிக்கும் பித்தளை வளையத்தை அடித்தாள். சின்ன நாய்க்கு இரண்டே புள்ளி.

"இதுவாடா நாய்? தலை எது, வால் எது?"

"உன் கையால சாப்பிட்டிருந்தா சதை போட்டிருக்கும்க்கா."

அந்தத் துண்டில் மட்டும் புள்ளிகள் துணியின் வெளிப்பக்கம் இருந்தன.

"டேய், மத்ததுல எல்லாம் உள்பக்கம்தானே வச்சே?"

"ஓட்டை ஓட்டைதானேக்கா. எந்தப் பக்கம் போட்டா என்ன? போடு."

போட்டாள். வழக்கம்போல் சாக்பீஸைத் துளி விடாமல் துடைத்தாள்.

"முதல் ஷோவுக்கு வந்துடு. எல்லார் முன்னாடியும் உன்னை நிக்க வச்சு, தச்சது எங்க அக்கான்னு சொல்றேன்" என்றான்.

ஷோ அன்றைக்குக் கடையை மூடினாள். விசேஷத்துக்கென்று மடித்து வைத்திருந்த புடவையை உடுத்திக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய், கூடாரத்துக்குள் பிள்ளைகளுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். விளக்கு எரிந்ததும் அவள் போட்ட ஒவ்வோர் ஓட்டையும் மின்னியது.

டீச்சர் ஒருவர் கை நீட்டினார். "தம்பி, நாய் ரெண்டும் நம்ம பார்வைக்கு வேட்டைக்காரனோட இடப்பக்கம்ல இருக்கணும்? இங்க வலப்பக்கம் நிக்குதே. கண்ணாடியில பாத்த மாதிரி இருக்கு."

தம்பி அண்ணாந்து பார்த்தான்.

"தச்சது எங்க அக்கா, மேடம்."

அவள் பாதி எழுந்துவிட்டாள்.

"அவ்வளவா படிக்கல. படத்தைத் திருப்பிப் பிடிச்சிருப்பாங்க."

"பரவாயில்ல, நாய்தானே. கூப்பிட்டா இந்தப் பக்கம் வந்துடும்" என்றார் டீச்சர். கூடாரமே சிரித்தது. தம்பியும் சிரித்தான்.

அவள் அப்படியே உட்கார்ந்தாள். எல்லார் முன்னாடியும் சொல்கிறேன் என்றதைச் சொல்லிவிட்டான். அதற்காகவா இத்தனை நாள் காத்திருந்தாள்? எழுந்து மறுக்கலாம். ஆனால் அவன் வெளிப்பக்கம் வைத்த புள்ளிகளை அவள் விரலே அழித்திருந்தது.

சாயங்காலம் துணியைச் சுமந்துகொண்டு கடைக்கு வந்தான்.

"மனசுல வச்சுக்காதக்கா. அந்த இடத்துல வேற என்னத்தைச் சொல்றது? நாளைக்கு ஷோ இருக்கு, மாத்திக் குடு."

அவள் பழைய ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைத்தாள். வளையத்தைப் பிடுங்கி, அங்கே ஒட்டுப் போட்டாள். பிறகு துணியின் உள்பக்கத்தை மேலே விரித்து, சாக்பீஸை அவனிடம் நீட்டினாள்.

"நீ வை."

வைத்தான். போட்டாள். வளையத்தையும் புது இடத்தில் அடித்தாள்.

"சாக்பீஸ் அப்படியே இருக்கேக்கா. தேய்ச்சு விடலியா?"

"நீ வச்சது இருக்கட்டும்" என்று துணியை மடித்து அவன் கையில் வைத்தாள்.