பத்து மணிக்கு கோல்டு

சுரங்கத்தின் அடியில் ஊறும் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் நிலக்கரி வெட்ட முடியும். அப்படிப்பட்ட பம்ப் ஒன்றில் நான் கான்ட்ராக்ட் கலாசி, ஆபரேட்டருக்கு எடுபிடி. மணிக்கு ஒருமுறை பேரிங் மேல் புறங்கையை வைத்துப் பார்த்து, "குளுந்து கிடக்குதுங்க" என்பேன். திருநெல்வேலிப் பக்கத்து ஆபரேட்டர் நோட்டில் 'கோல்டு' என்று இங்கிலீஷில் எழுதுவார். அஞ்சாவதோடு நின்ற எனக்கு இங்கிலீஷில் தெரிந்த ஒரே சொல் அதுதான். மத்தியானம் அவர் டிபன் கேரியரில் எனக்கும் ஒரு பங்கு இருக்கும்.

பர்மனென்ட் லிஸ்டில் என் பெயர் வந்திருந்த வாரம் அது. பத்து மணிக்குத் தொட்டதும் கை பொத்துப்போகிற சூடு. ஆபரேட்டரிடம் ஓடினேன்.

"அண்ணாச்சி, பேரிங் கொதிக்குதுங்க. மோட்டார நிறுத்துங்க."

"கோல்டுன்னு எழுதியாச்சேல. நிறுத்தினா என்னத்தன்னு எழுத? பானைத் தண்ணிய எடுத்து ஊத்து."

"சுட்ட சட்டியில ஊத்துனா வெடிச்சிடுங்களே..."

"நீ எனக்குச் சொல்லித் தாரியோ? ஊத்துல!"

ஊற்றினேன். பேரிங் கூடு படீரென்று விரிசல் விட்டது.

அரை மணியில் இன்ஜினியர் வந்துவிட்டார். "யாருய்யா தண்ணி ஊத்துனது?"

"நான்தாங்க."

அண்ணாச்சி நோட்டை நீட்டினார். "பத்து மணிக்கு கோல்டு சார். பெறவு சூடேறியிருக்கு. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம இவனே ஊத்திட்டான்."

அவர் உள்ளங்கை நோட்டின் மேல் விரிந்திருந்தது. விரலிடுக்கில் பார்த்தேன். பதினோரு மணி வரியிலும் 'கோல்டு' இருந்தது. மணி இன்னும் பதினொன்று ஆகவில்லை. ஒரு விரலை நீட்டிக் காட்டியிருந்தால் போதும். பெரியவர்கள் முன்னால் எனக்கு எப்போதும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அன்று கையும் எழவில்லை.

லிஸ்டில் என் பெயரை அடித்துவிட்டார்கள். குவார்ட்டர்ஸ் வரப்போகிறது என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள் என் மனைவி.

"வாயில கொழுக்கட்டை வச்சிகினா நின்ன?" என்று ஒரே ஒரு முறை கேட்டாள். அப்புறம் பத்து நாள் என்னோடு பேசவில்லை.

மறுநாள் முதல் அண்ணாச்சி சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டார். என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதும் நின்றது. கண் எதிர்ப்பட்டால், இறைத்து முடித்த குழாய் மாதிரி சில்லென்று ஒரு பார்வை. தப்பு செய்தவர் அவர். குனிந்து நடந்தவன் நான். நான் பர்மனென்ட் ஆக இன்னும் நான்கு வருஷம் பிடித்தது.

புதிதாக வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். பேரிங் சூடேறினால் மோட்டாரை நிறுத்துங்கள், தானாக ஆறட்டும். தொட்டுப் பார்த்தவன்தான் நோட்டிலும் எழுத வேண்டும். எழுத வராவிட்டால் விரலையாவது நீட்டுங்கள்.