இன்டர்லாக்கனில் ஒரு மொழிபெயர்ப்பு

1995 அக்டோபர். காலையில் சுவிட்சர்லாந்தின் லுசேர்ண் நிலையத்தில் ரயில் ஏறினோம். இன்டர்லாக்கன் எழுபத்து நான்கு கிலோமீட்டர். இரண்டு மணி நேரம். ஏரிகளின் மேல் பனிமூட்டம் படுத்திருந்தது. கரை எங்கே முடிகிறது, நீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. மேகத்துக்குள் வண்டி மிதப்பதுபோல் இருந்தது.

வெள்ளை இனவெறி இயக்கங்களின் வரலாறுதான் என் ஆய்வு. பல ஆண்டுகளாக அவர்களுடைய துண்டறிக்கைகளையும் வழக்குக் கட்டுகளையும் படித்து வருகிறேன். அகதிகள் விடுதிக்குத் தீ வைத்துச் சிறைக்குப் போய், பிறகு இயக்கத்தை விட்டு விலகிய ஒருவன் அன்று என்னோடு பேசச் சம்மதித்திருந்தான். என்னுடையது புத்தக ஜெர்மன். அவன் பேசும் சுவிஸ் வழக்கு பிடிபடாது. அதனால் லுசேர்ணுக்கு அருகே எம்மன்புரூக்கேயில் தொழிற்சாலையில் வேலை செய்யும் இலங்கை மன்னார்ப் பெண் ஸ்டெலா உடன் வந்தார்.

கணவாய் ஏறும்போது அவர் சொன்னார்: "அக்கா, அவன் நெருப்பு வைச்ச அந்த விடுதியிலை நானும் இருந்தனான்."

நான் குறிப்பேட்டை மூடினேன். "திரும்பிடலாமா, ஸ்டெலா?"

"இல்லை. அவன்ர வாயாலை கேக்க வேணும். நீங்கள் ஒண்டும் சொல்லாதேங்கோ."

இன்டர்லாக்கன் நிலையத்துக்கு எதிரே ஒரு காப்பிக்கடை. காப்பி மூன்று பிராங்க். அங்கே எங்களுக்காகக் காத்திருந்தவன் மெலிந்த, கூச்சமுள்ள இளைஞன். எங்களுக்கு நாற்காலி இழுத்துப் போட்டான். அவன் சொல்லச் சொல்ல ஸ்டெலா தமிழில் சொன்னார், அவனாகவே நின்று 'நான்' என்றே.

"நான்தான் பெற்றோல் போத்திலை எறிஞ்சன். உள்ளுக்கை ஒருத்தரும் இல்லையெண்டு நினைச்சன்."

பிறகு அவனிடம் மெதுவாக ஏதோ சொன்னார். அவன் கோப்பையைக் கீழே வைத்தான்.

"என்ன சொன்னீங்க?" என்றேன்.

"நான் மேல்மாடியிலை இருந்தனான், யன்னலாலை குதிச்சுக் கால் முறிஞ்சது எண்டு."

அவன் தலைகுனிந்து பேசினான். ஸ்டெலா அதையும் விடாமல் சொன்னார், இம்முறை 'நான்' என்று இல்லை: "மேல்மாடியிலை லைற் எரிஞ்சதைக் கண்டவனாம். கோட்டிலை வழக்கு நடக்கேக்கை அதைச் சொல்லேல்லையாம்."

திரும்பும்போது ஏரியின் மறுமுனையில் உள்ள பிரியன்ஸ் வரை படகில் போகலாம் என்றார் ஸ்டெலா. இத்தனை காலம் இங்கே இருந்தும் அவர் படகேறியதில்லையாம். மூட்டம் விலகி, ஏரி பச்சையாக விரிந்து கிடந்தது.

"மன்னிச்சிட்டீங்களா?"

"இல்லை அக்கா. ஆனால் இனி அவன் தெரியாது எண்டு சொல்ல ஏலாது. அது காணும், எனக்குப் போதும்."

வெயில் முகத்தில் விழ, அப்படியே சாய்ந்து தூங்கிப்போனார்.

நம் ஊரிலும் சாதியின் பேரால் குடிசைகளுக்குத் தீ வைக்கிறார்கள். உள்ளே ஆளில்லை என்று நினைத்தோம் என்கிறார்கள், நாமும் நம்பிவிடுகிறோம். அங்கேயும் இப்படி இருவரை எதிரெதிரே உட்காரவைக்க வேண்டும். யார் வருவார்கள் என்று தெரியவில்லை. படகு கரையைத் தொட்ட பிறகும் ஸ்டெலாவை எழுப்ப எனக்கு மனம் வரவில்லை.