குண்டுமணிக் காப்பு

கொட்டாஞ்சேனையில் எரிந்த மோட்டருக்குக் கொயில் கம்பி சுற்றுகிற கொன்ஸ்ரன்ரைனை ஒரு இடத்தில் இருத்தி வைக்க இதுவரை ஆராலும் முடியவில்லை. பூசைக்குப் போனால் பிரசங்கம் தொடங்கினவுடனே எழும்பி வெளியில் போய் நிற்பார். சாப்பிடும்போதும் கால் ஆடும். "உமக்கு முழங்காலுக்குள்ள ஆரோ மோட்டர் வச்சுத் தைச்சுப்போட்டாங்கள்" என்று மனுசி ஷெரோமி சொல்லுவா.

கை இன்னும் மோசம். எரிந்த மோட்டரில் இருந்து உருவுகிற செப்புக் கம்பியை எல்லாரும் பழைய இரும்புக்காரனுக்குப் போடுவார்கள். இவர் கரண்ட் இல்லாத ஒரு பின்னேரம் அதை எடுத்து முறுக்கத் தொடங்கினவர்தான், பிறகு நிறுத்தவேயில்லை. முதலில் மோதிரம். பிறகு சிரட்டையை அரைத்துத் தோடு. வெள்ளவத்தை ரயில் பாதைக்கு அங்கால் கடல் கொண்டுவந்து போடுகிற உடைந்த போத்தல் கண்ணாடி, அலை உரசி உரசி மிட்டாய் மாதிரி வந்ததை, பொறுக்கிக் கொண்டுவந்து சங்கிலியில் தொங்கவிடப் பென்டன். கோயில் மண்டபத்துக் கண்காட்சியில் ஷெரோமி மேசை போட்டு அதையெல்லாம் விற்றா. சனம் வாங்கினது. அவருக்கே ஆச்சரியம்தான், காட்டிக்கொள்ளவில்லை.

கொஞ்ச நாளாக எல்லாரும் கேட்கிறது சிவப்பு மாலை. குண்டுமணி. களனி ஆற்றங்கரைப் பக்கம் ஒரு வேலியில் கொடி ஏறிக் காய்த்துத் தொங்கினதை ஒரு பை நிறையப் பிடுங்கி வந்திருந்தார். செக்கச் சிவப்பு, மூக்கில் ஒரு கறுப்பு. ஊசி மாதிரி ட்ரில்லால் ஓட்டை போட்டு, தூளை வாயால் ஊதி, கம்பியில் கோர்த்தால் வைத்த கண் வாங்க மாட்டார்கள்.

சனிக்கிழமை காலை பை முடிந்துபோனது. ஹமீட்டின் நாட்டு மருந்துக் கடைக்குப் போய், "குண்டுமணி இருக்கோ நானா?" என்று கேட்டார்.

"ஈக்கிது. என்னத்துக்கு?"

"ஓட்டை போட்டு மாலை கட்ட."

ஹமீட் அள்ளப் போன கையைத் திரும்ப எடுத்தார். "ஓட்ட போடுறீங்களா? யா அல்லா! அது நஞ்சு மனுசன். முழுசா முழுங்கினா தோலு கெட்டி, அப்படியே வெளிய போயிரும். தோல ஒடச்சிட்டீங்கன்டா உள்ள இருக்கிறது ஆள முடிச்சிரும். நாங்களே பால்ல அவிச்சு சுத்தி பண்ணாம மருந்துக்குத் தொடமாட்டோம்."

"பெரிய ஆக்கள் கழுத்திலதானே போடினம். கடிக்கப் போயினமே?"

"பெரிய ஆளுக்குச் சரி. சின்னப் புள்ளைக்கு ஏதும் குடுத்தீங்களா?"

கொன்ஸ்ரன்ரைனின் கால் ஆடுகிறது நின்றது.

குடுத்திருந்தார். வெள்ளவத்தையில் றஷ்மி என்ற ஒருத்தி தன் கைப்பிள்ளைக்கு ஒரு காப்புக் கேட்டிருந்தாள். சிவப்பும் கறுப்பும் கண்ணூறு படாமல் இருக்க நல்லது என்று அவளின் பெரியம்மா சொன்னதாம். பதினொரு குண்டுமணி கோர்த்து, நேற்றுப் பின்னேரம் இவரே கொண்டுபோய்க் குடுத்தார். இன்றைக்குப் பிள்ளைக்குப் பல்லுக் கொழுக்கட்டை, முதல் பல்லு வந்ததுக்குத் தலையில் கொழுக்கட்டை கொட்டுகிற நாள், என்றும் அவள் சொன்னாள்.

பல்லு. இப்போதுதான் முளைத்த பல்லு. கையில் அகப்பட்டதை எல்லாம் கடிக்கிற வயது.

றஷ்மிக்குப் போன் எடுத்தார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மண்டபத்தில் மேசை போட்டிருந்த ஷெரோமிக்கு எடுத்தார். "மேசையில இருக்கிற சிவப்பு முழுக்கத் தூக்கி உள்ளுக்கு வை."

"உமக்கு என்ன விசரே? அதுதானே ஓடுது!"

"வையடி எண்டுறன்!"

ஓட்டோவில் ஏறி, ஓட்டுகிற பெடியனிடம் சிங்களத்தில் "கெதியாப் போ மல்லி" என்றார். மல்லி கெதியாகத்தான் போனான். கோல்பேஸ் தாண்டின பிறகு முன்னால் நின்ற வாகனங்கள்தான் நகரவில்லை. கொன்ஸ்ரன்ரைன் வெளியில் தலையை நீட்டுவார், உள்ளே இழுப்பார், திரும்பப் போன் எடுப்பார். அந்தத் தூளை எத்தனை தரம் வாயால் ஊதினனான் என்று ஒரு நினைப்பு வந்தது. அதைத் தள்ளிவிட்டார். அங்கே போய் என்ன சொல்லுகிறது? நஞ்சைக் கோர்த்துத் தந்தனான் என்று சபைக்கு நடுவில் எப்படிச் சொல்லுகிறது? கம்பி சரியில்லை, மாத்தித் தாறன் என்று சொல்லிக் கழட்டிக்கொண்டு வந்துவிடலாம். பம்பலப்பிட்டி வர அந்தப் பொய் நல்ல வழவழப்பாக வந்துவிட்டது.

றஷ்மியின் பிளாட் வாசலில் செருப்புக் குவியல். உள்ளே பேனை, பவுன், கத்தரிக்கோல் பரப்பின தட்டுக்கு முன்னால் பிள்ளையை இருத்தித் தலையில் கொழுக்கட்டை கொட்டி முடிந்து, சனம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. "பிள்ளை தட்டில கத்தரிக்கோலைத்தான் எடுத்தவள், சலூன் போடப் போறாள்" என்று சவுந்தரநாயகம் என்ற பெரிய வயிற்றுக்காரர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். பெரியம்மாவின் மடியில் பிள்ளை. வலது கையில் காப்பு. அந்தக் கை வாய்க்குப் பக்கத்தில்.

"அண்ணை! வாங்கோ, இருங்கோ" என்றாள் றஷ்மி. "கொழுக்கட்டை கொண்டுவாறன்."

"வேண்டாம் தங்கச்சி. அந்தக் காப்புக் கம்பி சரியில்லை. தாங்கோ, மாத்தித் தாறன்."

"அதுக்கென்ன, நாளைக்கு மாத்துவம்."

"கண்ணூறுக்குக் கட்டினதை இண்டைக்குக் கழட்டக்கூடாது" என்று பெரியம்மா முடித்துவிட்டா. "பொழுது படட்டும். நீர் இருந்து சாப்பிடும்."

பிள்ளை கையைத் தூக்கியது. காப்பின் ஓரம் ஈரமாகப் பளபளத்தது. ஓட்டோவில் செய்த பொய் அவருக்கு அந்த இடத்தில் மறந்துபோனது.

"கழட்டுங்கோ! அது நஞ்சு! நான் ஓட்டை போட்ட கொட்டை நஞ்சு!"

றஷ்மி பாய்ந்து வந்து பிள்ளையின் கையைப் பிடித்தாள். பெரியம்மா, "என்ன கதை கதைக்கிறீர், நல்ல நாளும் பெருநாளுமா!" என்று பிள்ளையை இறுக்கினா. கொன்ஸ்ரன்ரைன் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. பொக்கற்றில் எப்போதும் கிடக்கிற கம்பி வெட்டுகிற கட்டரை எடுத்து, பிள்ளையின் தோலுக்கும் கம்பிக்கும் நடுவில் தன் விரலைக் குடுத்து, வெட்டினார். பிள்ளை வீரிட்டது.

உள்ளங்கையில் வைத்து எண்ணினார். பத்து. திரும்ப எண்ணினார். பத்து.

"ஒண்டு இல்லை."

றஷ்மியின் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை. அவள் பிள்ளையின் வாய்க்குள் விரலை விட்டுத் தேடினாள். சட்டையை உதறினாள். ஒருத்தர் பாயைத் தூக்கினார், ஒருத்தர் ஆஸ்பத்திரிக்கு வாகனம் எடு என்று கத்தினார். கொன்ஸ்ரன்ரைன் கம்பியின் இரண்டு நுனியையும் சேர்த்துப் பூட்டின இடத்தைப் பார்த்தார். அவர் முறுக்கினால் கொயில் முறுக்கு மாதிரி நெருக்கமாக இடப்பக்கம் போகும். இது நூல் முடிச்சு மாதிரிக் கிடந்தது.

"இது என்ர முறுக்கில்லை. ஆர் இதைக் கழட்டிக் கட்டினது?"

"நான்தான்" என்றா பெரியம்மா. குரல் இறங்கிவிட்டது. "லூசாக் கிடந்தது. ஒரு மணியைக் கழட்டி… தட்டில, பவுனுக்குப் பக்கத்தில போட்டனான். தட்டான் பொன் நிறுக்கிற மணிதானே எண்டு."

"தட்டு எங்க?"

"அதிலதானே கொழுக்கட்டையும் விழுந்தது" என்றாள் றஷ்மி மெல்ல. "எல்லாத்தையும் சேர்த்து அள்ளி எல்லாருக்கும் குடுத்தாச்சு."

ஒரு வாயும் அசையவில்லை. சாப்பிட்டவர்கள் சாப்பிட்டபடியே நின்றார்கள், கன்னம் உப்பி. ஒருத்தி முந்தானையில் துப்பினாள். பிறகு தட்டுத் தட்டாகக் கிளறினார்கள், கொழுக்கட்டையைப் பிய்த்துப் பிய்த்து. சவுந்தரநாயகம் தன் தட்டை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"பொறுங்கோ, பொறுங்கோ. இதில ஒண்டில சிவப்பா என்னவோ ஒட்டிக் கிடக்கு. மற்றதுகளில பல்லுப்போலத் தேங்காய்ச் சொட்டு வச்ச மாதிரி, இதுவும் ஒரு சோடினை எண்டு நினைச்சனான். கடைசியாத் தின்னுவம் எண்டு வச்சிருந்தனான்."

கொன்ஸ்ரன்ரைன் அதைப் பிடுங்கினார். மாவை வழித்தார். ஓட்டையும் இருந்தது, கறுப்பு மூக்கும் இருந்தது. மற்றப் பத்தையும் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். ஒன்றிலும் பல்லுப் பட்டதாகத் தெரியவில்லை. "கடிபடேல்லை" என்றார். "ஆனா ஈரம் பட்டிருக்கு. டொக்டரிட்டக் காட்டுங்கோ. நானும் வாறன்."

"வரத்தான் வேணும்" என்றாள் றஷ்மி. பிள்ளையின் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினாள், துடைத்தாள், திரும்பவும் கழுவினாள்.

வாகனம் வரும்வரை எல்லாரும் வாசலில் நின்றார்கள். பெரியம்மாவுக்கு மனம் கேட்கவில்லை. "வெறுங்கையோட வெளியில கொண்டுபோறதே? இந்தச் சனம் இவ்வளவின்ர கண்ணும் பட்ட பிறகு? தம்பி, சும்மா கம்பியிலயாவது ஒண்டு முறுக்கித் தாருமன்."

அவரின் விரல்கள் தன்பாட்டில் பொக்கற்றுக்குள் போய்க் கம்பியைத் தொட்டுவிட்டன. றஷ்மி பார்த்தாள். அவர் கையை வெளியில் எடுத்தார், வெறுமையாக.

பிள்ளை அழுது களைத்துத் தாயின் தோளில் சாய்ந்தது. பிறகு தன் பொத்தின கையை முழுசாக வாய்க்குள் திணித்துச் சப்பத் தொடங்கியது. கொன்ஸ்ரன்ரைன் தடுக்க ஒரு எட்டு வைத்தேவிட்டார். றஷ்மியும் திடுக்கிட்டாள். இரண்டு பேரும் அந்தக் கையையே பார்த்தார்கள். அதில் ஒன்றுமில்லை, கம்பி கிடந்த இடத்தில் ஒரு மெல்லிய சிவப்புக் கோடு மட்டும். பிள்ளை சப்பிக்கொண்டேயிருந்தது. அவரின் கால் திரும்ப ஆடத் தொடங்கியது.